இர்விங் பாபிட்: வாழ்வும் சிந்தனையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இர்விங் பாபிட் என்பவர் யார்?

1865 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பிறந்து, 1933 ஜூலை 15 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் மறைந்த இலக்கியப் பேராசிரியர். 1894 முதல் இறக்கும்வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியத்தையும் ஒப்பிலக்கியத்தையும் கற்பித்தார். 'புதிய மானுடவாதம்' என்று பெயர்பெற்ற சிந்தனைப் போக்கை, நண்பரும் விமரிசகருமான பால் எல்மர் மோருடன் சேர்ந்து உருவாக்கியவர். கவிதையோ கதையோ எழுதவில்லை. கட்சி எதிலும் பொறுப்பு வகிக்கவில்லை. அவருடைய போர்க்களம் வகுப்பறையும் புத்தகமும் மட்டுமே. ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் அமெரிக்கப் பழமைவாதச் சிந்தனையின் வரலாற்றை அவரைத் தவிர்த்துவிட்டு எழுதுவது கடினம்.

அமெரிக்க நாவலாசிரியர் சின்கிளேர் லூயிஸ் எழுதிய 'பாபிட்' நாவலின் நாயகன் இவர்தானா?

இல்லை. 1922இல் வெளிவந்த அந்த நாவலின் நாயகன் வீட்டுமனை விற்பனையாளர்; பெயர் ஒற்றுமையைத் தவிர இருவருக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்த நாவலுக்குப் பிறகு 'பாபிட்' என்ற சொல்லே மனநிறைவில் மூழ்கிய நடுத்தர வர்க்க மந்தத்தனத்தைக் குறிக்கும் பொதுப்பெயராக ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. மனநிறைவில் மூழ்குவதையே வாழ்நாள் முழுதும் சாடிய ஒருவருக்கு இதைவிடப் பொருந்தாத விபத்து வேறொன்று நேர்ந்திருக்க முடியாது.

அவருடைய இளமைக்காலம் எப்படிப்பட்டது?

நூலகத்திலேயே வளர்ந்த பிள்ளை என்று அவரை நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். தந்தை எட்வின் பாபிட் வண்ணங்களாலும் ஒளியாலும் நோய்களைக் குணப்படுத்தலாம் என்று எழுதியவர். ஆவியுலகத் தொடர்பில் நம்பிக்கை கொண்டவர். ஒரு திட்டத்திலிருந்து இன்னொரு திட்டத்துக்குத் தாவிக்கொண்டே இருந்தவர். தாய் 1876இல், மகனுக்குப் பதினொரு வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். பிள்ளைகள் சின்சினாட்டி நகருக்கு அருகிலிருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தனர். சிறுவயதில் நியூயார்க் தெருக்களில் செய்தித்தாள் விற்றதும், பின்னர் வயோமிங்கில் உறவினரின் மாட்டுப்பண்ணையில் வேலை செய்ததும் அவர் வாழ்வின் பகுதிகள். 1885இல் உறவினர்களின் உதவியோடு ஹார்வர்டில் சேர்ந்தார். இடையில் ஓராண்டு விடுப்பெடுத்து, நண்பர் ஒருவருடன் ஐரோப்பாவின் பல நாடுகளைப் பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றிவந்தார். 1889இல் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களில் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார்.

தந்தையின் வாழ்க்கைக்கும் மகனின் சிந்தனைக்கும் நேரடியாக முடிச்சுப் போடுவது எளிது. அந்த எளிமையே எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. ஆனாலும் எல்லையற்ற கற்பனையையும் எதையும் சோதித்துப் பாராத நம்பிக்கையையும் உலகைத் திருத்தும் ஆவேசத்தையும் வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்த ஒருவர், பிற்காலத்தில் அம்மூன்றையும் ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று எழுதினார் என்பதை வாசகர் கவனிக்காமல் இருக்க முடியாது.

பிரெஞ்சுப் பேராசிரியர் ஏன் சமஸ்கிருதமும் பாலியும் படித்தார்?

இக்கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பட்டம் பெற்றதும் மொன்டானா மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாண்டுகள் பாடம் நடத்திப் பணம் சேர்த்த பாபிட், 1891இல் பாரிசுக்குச் சென்று, இந்தியவியல் அறிஞர் சில்வேன் லெவியிடம் சமஸ்கிருதமும் பாலியும் கற்றார். திரும்பிவந்து ஹார்வர்டில் சார்லஸ் ராக்வெல் லான்மனிடம் அதே படிப்பைத் தொடர்ந்தார். லான்மனின் அந்தச் சிறிய வகுப்பில்தான் பால் எல்மர் மோரைச் சந்தித்தார். அந்த நட்பு சாகும்வரை நீடித்தது.

அவர் ஆசைப்பட்டது கிரேக்க, இலத்தீன் துறையில் கற்பிக்கத்தான். அங்கு இடம் கிடைக்காமையால் பிரெஞ்சுத் துறையில் சேர்ந்தார். பிரெஞ்சு மொழி இலத்தீனுக்கு மலிவான மாற்றுச்சரக்கு என்று அவர் தம் துறையினரிடமே சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்படிச் சொன்னவருக்கு முழுப் பேராசிரியர் பதவி 1912இல்தான், அதாவது பணியில் சேர்ந்து 18 ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது என்பதில் வியப்பில்லை.

பாலியைக் கற்றதன் பயன் அவருடைய எல்லா நூல்களிலும் மறைந்தோடுகிறது. புத்தரின் அறவுரைத் தொகுப்பான தம்மபதத்தை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். மறைவுக்குப் பின் 1936இல் அது 'புத்தரும் மேற்குலகும்' என்ற நீண்ட கட்டுரையுடன் வெளிவந்தது. இலங்கையிலும் பர்மாவிலும் பேணப்பட்ட பாலி மரபையே அவர் மதித்தார். பிற்கால மகாயானத்தின் விரிந்த கற்பனைகளில் அவருக்கு நாட்டமில்லை. கீழைநாடு என்றாலே கனவும் சோம்பலும் தன்னை மறந்து கரைதலும் என்று உணர்ச்சியையும் கற்பனையையும் முதன்மையாக்கிய ஐரோப்பிய ரொமான்டிக் எழுத்தாளர்கள் எழுதியதைக் கடுமையாக மறுத்தார். அவர் கண்ட புத்தர் கனவு காண்பவர் அல்லர். ஒரு நொடியும் தளராதவர். 'அப்பமாதம்' என்ற பாலிச் சொல்லே புத்தரின் கடைசி அறிவுரையின் உயிர் என்று அவர் வலியுறுத்தினார். சோர்வின்மை, மறவாமை, விழிப்பு எல்லாம் அதில் அடக்கம். திருக்குறளில் 'பொச்சாவாமை' என்றோர் அதிகாரம் இருப்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இச்சொல்லின் எடையை விளக்கத் தேவையில்லை. ஆங்கில வாசகருக்கு அதை விளக்கப் பாபிட் பல பக்கங்கள் செலவிட வேண்டியிருந்தது.

ஹார்வர்டின் தலைவரோடு அவருக்கு என்ன தகராறு?

சார்லஸ் டபிள்யூ. எலியட் 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்தவர். கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மாணவர் தமக்கு விருப்பமானதைத் தாமே தேர்ந்து படிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பதினெட்டு வயது இளைஞனுக்கு எது ஏற்றது என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் இல்லை என்பது அம்முறையின் அடிப்படை.

1908இல் வெளியான தம் முதல் நூலான 'இலக்கியமும் அமெரிக்கக் கல்லூரியும்' என்பதில் பாபிட் இதை நேரடியாகத் தாக்கினார். காலங்காலமாகத் திரண்ட ஞானமெல்லாம் ஓர் இரண்டாமாண்டு மாணவனின் விருப்பத்துக்கு முன்னே ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்ற அவருடைய ஏளனம் அந்நூலில் பலராலும் நினைவுகூரப்படும் இடம். எலியட் அப்போதும் பதவியில் இருந்தார் என்பதையும், நூலாசிரியர் நிரந்தரப் பேராசிரியர் அல்லர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்தத் துணிவு விளங்கும். அடுத்து வந்த தலைவர் லோவெல் விருப்பப் பாடமுறைக்கு வரம்பு விதித்தார். ஆனால் அதைப் பாபிட்டின் வெற்றியாகச் சொல்ல முடியாது, அதிருப்தி பரவலாகவே இருந்தது.

தாக்குதல் எலியட்டோடு நிற்கவில்லை. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களைப் பின்பற்றி அமெரிக்காவில் வளர்ந்துவந்த முனைவர் பட்ட ஆராய்ச்சியும் அவருக்கு உவப்பானதன்று. ஒரு சொல்லின் வேரைத் தேடுவதிலும், ஒரு கதையின் மூலப்பிரதியைத் தேடுவதிலும் ஆயுளைக் கழிக்கும் அறிஞர், அந்தக் கதை மனிதனைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கவே மறந்துவிடுகிறார் என்றார். தாமும் முனைவர் பட்டம் பெறவில்லை. ஒரு பக்கம் மாணவனின் விருப்பம், மறுபக்கம் ஆய்வாளரின் துகள். இரண்டுக்கும் நடுவே 'எது சிறந்தது' என்ற கேள்வி தொலைந்துவிட்டது என்பதே அவருடைய புகார்.

மானுடவாதத்துக்கும் மனிதாபிமானத்துக்கும் அவர் என்ன வேறுபாடு காண்கிறார்?

தமிழில் இவ்விரு சொற்களையும் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்குகிறோம். பாபிட்டைப் படிக்கும்போது அந்த வழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைக்க வேண்டும். அவர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு உரோம எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியுஸிடமிருந்து தொடங்குகிறார். இலத்தீனில் 'ஹுமானிடாஸ்' என்ற சொல்லை எல்லோரிடமும் பொழியும் அன்பு என்று மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், அதன் உண்மைப் பொருள் பயிற்சியும் ஒழுங்கும் என்று கெல்லியுஸ் குறைபட்டிருந்தார். பாபிட் இதைப் பற்றிக்கொண்டார்.

மனிதாபிமானி மனித குலம் முழுவதன் முன்னேற்றத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார். மானுடவாதி தனிமனிதனின் நிறைவைப் பற்றிக் கவலைப்படுகிறார். முன்னவரிடம் பரிவு நிறைய உண்டு. பின்னவரிடம் பரிவோடு தேர்வும் உண்டு, அதாவது எது உயர்ந்தது எது தாழ்ந்தது என்று பிரித்தறியும் கட்டுப்பாடு. மனிதாபிமானிகளிலும் அவர் இருவகையினரைக் கண்டார். இயற்கையை வென்றால் மனிதன் உயர்வான் என்று நம்பிய ஆங்கிலத் தத்துவ அறிஞர் பேக்கனின் வழிவந்தவர்கள் ஒருவகை. உணர்ச்சியை விடுவித்தால் மனிதன் உயர்வான் என்று நம்பிய 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோவின் வழிவந்தவர்கள் மறுவகை. ஆய்வுக்கூடமும் கவிஞனின் தோட்டமும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் நினைக்கிறோம். பாபிட்டோ இரண்டுக்கும் ஒரே வேர் என்கிறார். இரண்டுமே மனிதனுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டைக் கைவிட்டு, வெளியே விரிந்துகொண்டே போகும் ஆற்றலில் நம்பிக்கை வைத்தவை.

மனிதனுக்கு ஒரு விதி, பொருளுக்கு ஒரு விதி, இரண்டும் வெவ்வேறு என்ற கருத்தமைந்த, அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சனின் கவிதை வரிகளை அவர் தம் முதல் நூலின் முகப்பில் வைத்தார். பொருளின் விதியை நாம் அற்புதமாகக் கற்றுவிட்டோம், மனிதனின் விதியை மறந்துவிட்டோம் என்பதுதான் அதன்பின் அவர் எழுதிய அனைத்துக்கும் முன்னுரை.

ரூசோவின் மேல் ஏன் அவருக்கு இவ்வளவு கோபம்?

1919இல் வெளிவந்த 'ரூசோவும் ரொமான்டிக் இயக்கமும்' அவருடைய மிகப் புகழ்பெற்ற நூல், மிகுதியாகச் சண்டையிடும் நூலும்கூட. மனிதன் இயல்பிலேயே நல்லவன், சமூக அமைப்பே அவனைக் கெடுக்கிறது என்ற ரூசோவின் கோட்பாட்டின் விளைவைப் பாபிட் இவ்வாறு கணித்தார்: நன்மைக்கும் தீமைக்குமான போர் அதுவரை ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் நடப்பதாகக் கருதப்பட்டது, ரூசோவுக்குப் பின் அது நெஞ்சிலிருந்து வெளியேற்றப்பட்டுச் சமூகத்தின் மேல் ஏற்றப்பட்டது. இனி நான் திருந்த வேண்டியதில்லை. அமைப்புகள் திருந்தினால் போதும். என் உள்ளத்தில் பொங்குவது எதுவாயினும் அது உண்மை, அதைத் தடுப்பது எதுவாயினும் அது பொய்.

இயற்கை மனிதனுக்குள் செயற்கை மனிதன் ஒருவனைப் புகுத்தியதால் 'குகைக்குள் உள்நாட்டுப் போர்' மூண்டு ஆயுள் முழுதும் நீடிக்கிறது என்று பிரெஞ்சு எழுத்தாளர் திதரோ எழுதியிருந்தார். திதரோ அதைச் செயற்கையான, தேவையற்ற போர் என்று காட்ட எழுதினார். பாபிட் அந்தத் தொடரையே கைப்பற்றித் திருப்பினார்: அந்தப் போர் செயற்கையானதன்று, அதுவே மனித வாழ்வின் முதல் அனுபவ உண்மை. தன் சிந்தனை முழுவதையும் எதிரியின் ஒரு தொடரிலிருந்தே கட்டியெழுப்பும் இந்தத் திறம் அவருக்குக் கைவந்த கலை.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். அவர் வரைந்த ரூசோ, ரூசோவின் ஒரு பாதி. 'சமூக ஒப்பந்தம்' எழுதிய, குடியரசுக்குரிய ஒழுக்கத்தையும் கடமையையும் ஓயாமல் பேசிய ரூசோ அந்தச் சித்திரத்தில் மங்கிப்போகிறார். ஒரு மனிதரைவிட ஒரு மனப்போக்கையே அவர் தாக்கினார் என்று கொண்டால் நூல் இன்றும் நிற்கும். ரூசோவைப் பற்றிய ஆய்வாகக் கொண்டால் நிற்காது.

'அகத்தடை' என்பது என்ன?

பாபிட்டின் சிந்தனையில் மையமான கருத்து இதுவே. நமக்குள் ஓர் ஆசை எழுகிறது. அதே கணத்தில் அந்த ஆசையை 'வேண்டாம்' என்று நிறுத்தும் இன்னொரு ஆற்றலும் நமக்குள் இருப்பதை நாம் உணர்கிறோம். இதை எந்தச் சாத்திரமும் சொல்லித்தர வேண்டியதில்லை, எவரும் தம்முள்ளேயே பார்க்கலாம் என்கிறார் அவர். இந்த மேலான விருப்பாற்றல் பெரும்பாலும் தடையாகவே வெளிப்படுகிறது. அதனால் அதற்கு 'அகத்தடை' என்று பெயர். அக்காலத்தில் பாரிசிலும் பிற இடங்களிலும் கொடிகட்டிப் பறந்த தத்துவ அறிஞர் பெர்க்சன் 'உயிர்ப்பின் உந்துதல்' என்ற கருத்தை முன்வைத்திருந்தார். அதற்கு எதிராகப் பாபிட் அதே பிரெஞ்சுச் சொல்லமைப்பில் 'உயிர்ப்பின் தடை' என்ற தொடரை உருவாக்கினார்.

இது வெறும் அடக்குமுறை என்று பலர் எள்ளினர். அவர் சொன்னது அதுவன்று. ஒன்றை நிறுத்துவது இன்னொன்றைத் தேர்வதற்காகவே. தடுக்கத் தெரியாதவனுக்குத் தேரவும் தெரியாது. அந்தத் தேர்வு மீண்டும் மீண்டும் நிகழ்ந்து பழக்கமாகி, பழக்கம் குணமாகி, குணம் இன்பமாக முதிர்கிறது என்ற அரிஸ்டாட்டிலின் வரிசையை அவர் ஏற்றார்.

மரபு அவருக்கு எதற்காக முக்கியம் என்பதும் இங்கேதான் விளங்கும். பழையது என்பதற்காக அவர் எதையும் போற்றவில்லை. தம்மை 'விமரிசன மனப்பான்மையுள்ள, அனுபவத்தை நம்பும்' மானுடவாதி என்றே சொல்லிக்கொண்டார். நவீன மனிதன் வெறும் அதிகாரத்தின் பேரால் எதையும் ஏற்கமாட்டான், தாமும் அப்படியே என்று ஒப்புக்கொண்டார். பின் ஏன் மரபு? கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும், சீனத்தில் கன்பூசியசும், இந்தியாவில் புத்தரும், மேற்கில் கிறிஸ்துவும் ஒருவரையொருவர் அறியாமலே தன்னடக்கத்தின் இன்றியமையாமையில் ஒன்றுபடுகிறார்கள் என்றால், அந்த ஒற்றுமையே ஒரு சான்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, தொலைதூர நாடுகளில் திரும்பத் திரும்பச் செய்யப்பட்ட சோதனையின் முடிவு அது. மரபை அவர் ஒரு சட்டப்புத்தகமாக அல்லாமல் ஆய்வேடாகவே படித்தார்.

இலக்கியத்தை எவ்வாறு மதிப்பிட்டார்?

கற்பனையை வெறுத்தவர் என்ற குற்றச்சாட்டு தவறு. மனிதனை ஆள்வது அறிவைவிடக் கற்பனையே என்று நம்பினார். ஆகவே எந்தக் கற்பனை என்பது அவருக்கு உயிர்ப்பிரச்சினை. பிரிட்டிஷ் அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் வழங்கிய 'அறக்கற்பனை' என்ற சொல்லை எடுத்தாண்டு, அதற்கு எதிராக 'இன்பக்கனவுக் கற்பனை' என்பதை நிறுத்தினார். முன்னது மனித அனுபவத்தின் மையத்தைத் தேடுகிறது. பின்னது உலகம் தன் ஆசைக்கேற்ப இருக்கக்கூடாதா என்று ஏங்குகிறது. சோபாக்ளிஸ், தாந்தே, ஷேக்ஸ்பியர் ஆகியோர் முன்னதற்குச் சான்றுகள்.

1910இல் எழுதிய 'புதிய லவோகூன்' கலைகளின் எல்லைகளைப் பற்றியது. கவிதை வேறு, ஓவியம் வேறு என்று 1766இல் லெஸ்ஸிங் எழுதிய நூலைத் தொடர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் கவிதை ஓவியமாகவும் இசை கதையாகவும் ஓசை நிறமாகவும் மாற முயன்ற குழப்பத்தை அவர் கண்டித்தார். ஓசையில் நிறம் காண்போரை மகன் கண்டிக்கும்போது, நிறத்தில் மருந்து கண்ட தந்தை வாசகரின் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

நடைமுறை விமரிசனத்தில் அவர் பலவீனமானவர் என்றே சொல்வேன். ஒரு கவிதையை எடுத்து, அதன் ஒலியையும் சொல்லையும் ருசித்து விளக்கும் பக்கங்கள் அவரிடம் அரிது. வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, கீட்ஸ் ஆகியோரின் கவிதைகள் அவருக்குப் பெரும்பாலும் ஒரு மனப்போக்கின் அறிகுறிகளாகவே தெரிந்தன. தம் காலத்துப் புதிய எழுத்தில் அவர் பொறுமையோடு தங்கியதில்லை.

அரசியலில் அவர் ஜனநாயகத்துக்கு எதிரியா?

1924இல் வந்த 'ஜனநாயகமும் தலைமையும்' இக்கேள்விக்கு விடை. எல்லா ஆட்சிமுறைகளுக்கும் தலைவர்கள் உண்டு, நல்லவர்களோ கெட்டவர்களோ. ஜனநாயகத்துக்கு மட்டும் தலைமை தேவையில்லை என்று நினைப்பது ஏமாற்று என்றார். மக்களின் அந்தந்த நேரத்து விருப்பத்துக்கும், அரசியலமைப்பு, நீதிமன்றம் ஆகியவற்றின் வழியே நிதானமாக வெளிப்படும் விருப்பத்துக்கும் வேறுபாடு கண்டார். தனிமனிதனுக்கு அகத்தடை எப்படியோ, நாட்டுக்கு அரசியலமைப்பு அப்படி. ஆகவே மக்களின் உடனடி விருப்பத்தை நம்பிய ஜெஃபர்சனின் அமெரிக்காவைவிட, அதற்கு வரம்பு வைத்த வாஷிங்டனின் அமெரிக்காவையே விரும்பினார். ஆசைக்கு உள்ளே தடை குறையக் குறைய வெளியே தடை கூடித்தான் தீரும் என்று பர்க் 1791இல் எழுதிய கருத்து அவர் அரசியலின் அச்சாணி.

அவர் பணக்காரர்களின் வழக்கறிஞர் அல்லர். அளவின்றிச் சேர்த்துவிட்டுப் பின்னர் அளவின்றித் தானம் செய்யும் தொழிலதிபர்களை அவர் மதிக்கவில்லை. மேலே இருப்பவன் தன் ஆசையை அடக்கத் தவறியதே நோய், கீழே இருப்பவனின் ஆசையைத் தூண்டிவிடுவது அதற்கு மருந்தாகாது என்றார். அமெரிக்கா தன் இலட்சியங்களை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் ஆவேசத்தையும், அதிபர் வில்சனின் உலகச் சேவை முழக்கங்களையும் பேரரசு வெறியின் நல்லாடை என்றே கண்டார்.

ஆனால் அதே நூலில், அமெரிக்க லெனின் ஒருவரிடமிருந்து காப்பாற்ற அமெரிக்க முசோலினி ஒருவர் கிடைத்தால் அதையே நற்பேறாகக் கருத வேண்டிய நிலை வரலாம் என்ற பொருளில் ஒரு வாக்கியமும் இருக்கிறது. அது பரிந்துரையன்று, எச்சரிக்கை என்பர் அவரை ஆதரிப்போர். சூழலில் படித்தால் அதில் உண்மையும் உண்டு. இருந்தும் தடையின்மையையே ஆயுள் முழுதும் எதிர்த்த ஒருவர், எந்தத் தடையையும் ஏற்காத ஒரு சர்வாதிகாரியை இரண்டாம்பட்ச மருந்தாக எண்ணிப்பார்க்க முடிந்தது என்பது அந்தச் சிந்தனையில் ஒரு விரிசல். உள்ளத்தின் போரையே பார்த்துக்கொண்டிருந்ததால், கூலிக்காரனின் வயிற்றிலும் உரிமை மறுக்கப்பட்டவனின் முதுகிலும் விழும் அடி அவர் எழுத்தில் அதிகம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் சமய நம்பிக்கையாளரா?

திருச்சபை எதிலும் சேராதவர். இளமையில் ஒருநாள் நடந்து செல்லும்போது ஒரு தேவாலயத்தின் முன் நின்று, தாம் வெறுக்கும் எதிரி இதுதான் என்று சினந்ததாக மோர் பதிவுசெய்திருக்கிறார். பின்னாளில் அந்தச் சினம் தணிந்தது. சமயத்தை மானுடவாதத்தின் கூட்டாளியாகக் கருதினார். ஆனால் கடவுள் நம்பிக்கையைத் தம் வாதத்துக்கு அடித்தளமாக்க மறுத்தார். கடவுளைப் பற்றிய வாதங்களை ஒதுக்கிவைத்து மனித மனத்தின் விழிப்பையும் சோர்வையும் மட்டுமே பேசிய பாலி நூல்கள் அவரை ஈர்த்ததற்கு இதுவே காரணம்.

டி. எஸ். எலியட் அவருடைய மாணவரா? பின்னர் ஏன் முரண்பட்டார்?

ஆம். ஹார்வர்டின் தலைவரான எலியட் வேறு, கவிஞரான இந்த எலியட் வேறு. 1909-10ஆம் கல்வியாண்டில் பாபிட்டின் பிரெஞ்சு இலக்கிய விமரிசன வகுப்பில் எலியட் பயின்றார். ரொமான்டிக் கவிதை மீதான எலியட்டின் ஐயமும், மரபைப் பற்றிய அவருடைய கட்டுரைகளின் தொனியும் அந்த வகுப்பறைக்குக் கடன்பட்டவை. பின்னர் எலியட் லான்மனிடம் சமஸ்கிருதமும் படித்தார்.

1927இல் எலியட் ஆங்கிலத் திருச்சபையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு பாபிட்டின் மானுடவாதத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மரியாதை குறையாத, ஆனால் ஆழமாக வெட்டும் கட்டுரை அது. தடுப்பது சரி, எதன்பொருட்டுத் தடுப்பது, யாருடைய பேரால் தடுப்பது என்பதே அதன் சாரம். சமயம் ஊட்டிய ஒழுக்கத்தின் மிச்சத்தில்தான் மானுடவாதம் உயிர்வாழ்கிறது, சமயத்தின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது என்றார் எலியட். தம் சமய மாற்றத்தை வெளிப்படையாக அறிவிக்கும்படி அவரைத் தூண்டியவரே பாபிட்தான் என்று எலியட் பின்னர் நினைவுகூர்ந்தார். தம் கொள்கைக்கு எதிரான முடிவாயினும் மறைத்து வைக்காதே என்று மாணவனிடம் சொன்ன அந்த ஆசிரியரை எனக்குப் பிடிக்கிறது.

எலியட்டின் கேள்விக்குப் பாபிட்டிடம் முழு விடை இருந்ததாக நான் கருதவில்லை. ஆனால் எலியட்டின் வாதம் ஐரோப்பாவுக்குள் நின்று பேசுவது. கன்பூசியசையும் புத்தரையும் கணக்கில் எடுத்துப் பேசிய பாபிட்டை அது பாதியே தொடுகிறது.

சீனாவில் அவருக்குப் பெயர் இருந்தது உண்மையா?

உண்மை, அமெரிக்காவில் மறக்கப்பட்ட காலத்திலும் அங்கு அவரைப் பற்றிய விவாதம் இருந்தது. 1915 முதல் மெய் குவாங்டி, வூ மி, லியாங் ஷிச்சியூ முதலிய சீன மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அவருடைய வகுப்பில் சேர்ந்தனர். அவருடைய மனைவி டோரா சீனாவில் பிறந்தவர். மாமனார் சீனச் சுங்கத்துறையில் பணியாற்றியவர். ஆகவே அந்த வீட்டில் சீனா அந்நியமன்று.

1922இல் மெய், வூ ஆகியோர் நான்ஜிங்கில் 'சுயேஹெங்' என்ற இதழைத் தொடங்கினர். பழைய இலக்கிய நடையைக் கைவிட்டுப் பேச்சுமொழியில் எழுத வேண்டும், கன்பூசிய மரபைக் களைய வேண்டும் என்று ஹூ ஷி முதலியோர் முழங்கிய காலம் அது. மேற்கைக் கற்பதென்றால் அதன் நேற்றைய ஆரவாரத்தை மட்டும் கற்காமல், அதன் நெடிய மரபையும் கற்க வேண்டும். அப்போது அது கன்பூசியசுக்குப் பகையாக இராது என்பது பாபிட் தம் சீன மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை. காலத்தின் காற்று அவர்களுக்கு எதிராக வீசியது. எழுத்தாளர் லூ சுன் அவர்களை ஏளனம் செய்தார். அதே வகுப்பில் அமர்ந்த லின் யூடாங் ஆசிரியரை ஏற்கவில்லை. சீன எழுத்தில் பாபிட்டின் பெயரை 'வெண்மை, மணிக்கல், அறம்' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளால் எழுதினர். அந்தக் கல் சீனர் போற்றும் ஜேடு என்னும் பச்சைக்கல்.

1974இல் கன்பூசியசை எல்லோரும் கண்டித்தாக வேண்டும் என்ற இயக்கம் நடந்தபோது, முதுமையில் நலிந்திருந்த வூ மி அதற்கு மறுத்து, அதன் துன்பத்தையும் ஏற்றார். பாபிட்டின் மாணவர்களில் அகத்தடைக்கு மிகுந்த விலை கொடுத்தவர் அவராகத்தான் இருக்கும்.

வகுப்பறையில் எப்படி இருப்பார்?

புத்தகங்களை மேசைமேல் குவித்துவைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி மேற்கோள்களைப் பொழிவார். ஒரு மணி நேரத்தில் எத்தனை ஆசிரியர்களின் பெயர் வரும் என்று மாணவர்கள் பந்தயம் கட்டுவார்களாம். அவரோடு உடன்படாதவர்களும் அந்த வகுப்பை மறக்கவில்லை. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன், விமரிசகர் வான் விக் புரூக்ஸ் ஆகியோர் அங்கிருந்து வெவ்வேறு திசைகளில் சென்றவர்கள்.

1930இல் நடந்த சர்ச்சை எதைப் பற்றியது?

அந்த ஓராண்டு மட்டும் புதிய மானுடவாதம் செய்தித்தாள் விஷயமாயிற்று. பாபிட்டின் மாணவர் நார்மன் ஃபோர்ஸ்டர் தொகுத்த ஆதரவு நூலுக்கு உடனடியாக ஒரு மறுப்புத் தொகுப்பு வந்தது. எட்மண்ட் வில்சன், ஆலன் டேட் முதலிய விமரிசகர்கள் எதிர்த்து எழுதினர். மே மாதத்தில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் பாபிட் பெருங்கூட்டத்துக்கு முன் வாதிட்டார். டிசம்பரில் நோபல் பரிசு உரையில் சின்கிளேர் லூயிஸ் மானுடவாதிகளைத் தாக்கினார். இரண்டு பாபிட்டுகளும் ஒரே மேடைக்கு வந்தது அப்போதுதான். பொருளாதாரப் பெருவீழ்ச்சி ஆழமானதும், வேலையிழந்த நாட்டுக்கு அகத்தடை பற்றிக் கேட்கப் பொறுமையில்லை. 1953இல் அமெரிக்கப் பழமைவாதச் சிந்தனையாளர் ரஸ்ஸல் கர்க் எழுதிய 'பழமைவாத மனம்' மீண்டும் அவரை வாசகர்முன் கொண்டுவந்தது. எதிர்த்தே பழகிய ஹார்வர்டிலேயே 1960இல் அவர் பெயரால் ஒப்பிலக்கியப் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது.

அவரைப் படிக்க எங்கே தொடங்கலாம்?

'ரூசோவும் ரொமான்டிக் இயக்கமும்' நூலில் தொடங்க வேண்டாம். பெயர்களின் வெள்ளத்தில் மூச்சுத் திணறும். கல்வியில் அக்கறையுள்ளவர் 'இலக்கியமும் அமெரிக்கக் கல்லூரியும்' நூலின் முதல் மூன்று கட்டுரைகளைப் படிக்கலாம், சிறியவை, கூர்மையானவை. அரசியலில் ஆர்வமுள்ளவருக்கு 'ஜனநாயகமும் தலைமையும்'. தம்மபதத்தைத் தமிழிலோ பாலியிலோ ஏற்கனவே அறிந்தவர்கள் 'புத்தரும் மேற்குலகும்' கட்டுரையை முதலில் எடுக்கலாம். அவருடைய மற்ற நூல்களில் மேற்கோள்களின் இரைச்சலுக்குள் ஒளிந்திருப்பதை அங்கே அவர் அமைதியான குரலில் சொல்லியிருக்கிறார்.